கல்யாண மேளமா, சாவு மேளமா?

சென்னையின் மேற்குப் புறநகரில் பேருந்தேறிச் செல்வோருக்கு 'லூகாஸ்' என்பது ஒரு நிறுத்தத்தின் பெயர். பாடியில் இறங்க வேண்டியவர்கள் அப்பெயரைச் சொல்லித்தான் பயணச்சீட்டு வாங்குவார்கள். அவ்விடத்திலிருந்து சற்றுத் தொலைவில்தான் சம்பந்தரின் பாடல் பெற்ற திருவலிதாயம் இருக்கிறது. அக்கோயிலைக் காண நம் குழுவினர் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றிருந்தோம். வந்தவர்களில் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்த அன்பர் ஒருவரும் உண்டு. தேவாரப் பண்களில் எவ்வளவு ஈடுபாடு கொண்டவரோ, அவ்வளவு ஈடுபாடு ஹெவி மெட்டல் இசையிலும் கொண்டவர். திரும்பும் வழியில் அவர் வீட்டில் காப்பி அருந்தினோம். அப்போது அவர் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டை இட்டார். இடியும் மின்னலும் ஒருங்கே இறங்கியது போன்ற கிதார், அதன்மேல் துள்ளிக் குதிக்கும் ஒரு மெட்டு. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அவருடைய தாயார் கேட்டார்: "இன்னாடா பாட்டு இது? கல்யாண மேளமா, சாவு மேளமா?"

"கல்யாண மேளந்தாம்மா" என்றார் நம் அன்பர். அம்மா நம்பவில்லை. நாங்களும் அன்று முழுமையாக நம்பவில்லை. ஹெவி மெட்டல் என்றாலே கறுப்புச் சட்டை, மண்டையோடு, மரணம், சாத்தான் என்றுதானே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம்? அந்த இசையில் மகிழ்ச்சிக்கு இடமுண்டா? உண்டெனில் அது எங்கிருந்து வந்தது? அம்மாவின் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டதன் விளைவே இக்கட்டுரை. தேடல் எங்களை வெகுதூரம் இழுத்துச் சென்றது உண்மை. ஆனால் புறப்பட்ட இடமும் முடிந்த இடமும் அம்பத்தூர்தான்.

இரு தொழில் நகரங்கள்

முதலில் அம்பத்தூரைப் பார்ப்போம். 1949-இல் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தாருடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அம்பத்தூர்த் தொழிற்சாலையில் 'ஹெர்குலிஸ்' மிதிவண்டிகள் உருவாயின, பின்னர் 'பி.எஸ்.ஏ.' வண்டிகளும் வந்தன. 1961-இல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். எழுந்தது. அம்பத்தூரிலேயே டன்லப் நிறுவனத்தின் டயர்த் தொழிற்சாலை நெடுநாள் இயங்கிப் பின்னர் மூடப்பட்டது. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965-இல் 'விஜயந்தா' என்னும் பீரங்கி வண்டி அங்கிருந்து வெளிவந்தது. அதே காலத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வளர்ந்தது. ஏரிகளும் நெல்வயல்களுமாக இருந்த இப்பகுதி இருபதே ஆண்டுகளில் இரும்பின் ஊராயிற்று.

மேற்சொன்ன பெயர்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., லூகாஸ், டன்லப். நான்கும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரோடு பிணைந்த பெயர்கள். பி.எஸ்.ஏ. என்பதன் விரிவே 'பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. துப்பாக்கி செய்தவர்கள் மிதிவண்டி செய்யப் புகுந்த கதை அது. லூகாஸ் பிறந்ததும் அந்நகரில்தான். டன்லப்பின் பெருந்தொழிற்சாலை அந்நகரின் ஓரத்தில் கோட்டை போல் நின்றது. அதற்குப் பெயரே 'ஃபோர்ட் டன்லப்'. ஹெர்குலிஸ் வண்டிகள் உருவானது பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில்.

அந்த ஆஸ்டன் பகுதியில்தான் ஹெவி மெட்டல் இசையின் முதல்வர்களாகப் போற்றப்படும் 'பிளாக் சாபத்' குழுவினர் நால்வரும் வளர்ந்தனர். ஓசி ஆஸ்பர்ன், டோனி அயோமி, கீசர் பட்லர், பில் வார்டு ஆகிய நால்வரும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். ஓசியின் தாயார் லூகாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மகனுக்கும் அங்கே ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். என்ன வேலை தெரியுமா? கார்களுக்கான ஹார்ன்களுக்குச் சுருதி சரிபார்க்கும் வேலை! பின்னாளில் உலகமே செவிசாய்த்த குரலுக்குரியவர் முதலில் சுருதி சேர்த்தது ஹார்னுக்குத்தான். பாடி நிறுத்தத்தில் பேருந்துகளின் ஹார்ன் ஒலிக்கும்போதெல்லாம் இச்செய்தி இப்போது எங்களுக்கு நினைவுக்கு வருகிறது.

விரல் இழந்தவரின் இசை

அயோமியின் கதை இன்னும் கடுமையானது. தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவருக்கு 1965-இல் வயது 17. வேலையை விட்டு விலகும் கடைசி நாளன்று இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் போயின. அவர் இடக்கைக்காரர், ஆகவே கிதாரின் தந்திகளை அழுத்தும் கை அந்த வலக்கைதான். இனி வாசிக்க முடியாது என்றே மருத்துவர்கள் சொன்னார்கள். அவரோ பாத்திரம் துலக்கும் திரவம் அடைத்து வந்த பிளாஸ்டிக் குப்பியை உருக்கி, விரல் நுனிகளுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டு வாசித்தார். அழுத்துவதற்கு எளிதாக மெல்லிய தந்திகளைக் கட்டினார். பிற்பாடு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971-இல் வெளிவந்த மூன்றாம் தொகுப்பில் அந்த இறக்கம் தெளிவாகக் கேட்கும். இன்று நாம் 'ஹெவி' என்று சொல்லும் அந்தக் கனம், கணிசமான அளவில், காயம்பட்ட இரு விரல்களுக்குச் செய்துகொடுத்த வசதியே ஆகும்.

இவ்விடத்தில் நம் தவில் கலைஞர்களை நினையாதிருக்க முடியவில்லை. துணியும் பசையும் சுற்றி இறுகச் செய்த கூடுகளை வலக்கை விரல்களில் மாட்டிக்கொண்டு அல்லவா அவர்கள் வாசிக்கிறார்கள்? வெறும் விரலால் எழுப்ப முடியாத ஓசை அந்தக் கூட்டினால் எழுகிறது. ஒருவர் விருப்பத்தால் மாட்டிக்கொண்டார். மற்றவர் விபத்தால் மாட்டிக்கொண்டார். இருவர் கையிலும் பிறந்தது கனத்த ஒலி.

கிளையும் பகையும்

இனி இசையிலக்கணத்திற்கு வருவோம். ஹெவி மெட்டல் துயரமாகவோ அச்சமூட்டுவதாகவோ ஒலிப்பது ஏன்?

ஒலியைச் சிதைத்துப் பெருக்கும் மின்கிதாரில் இரண்டு சுரங்களை ஒன்றாக மீட்டினால், அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலுமான புதிய ஒலிகளும் உடன் பிறக்கும். சட்ஜமும் பஞ்சமமும் 2:3 என்ற விகிதத்தில் அதிர்பவை. கழித்தால் 1, அது கீழ்த்தாயிச் சட்ஜமே. எனவே ச, ப இரண்டையும் சேர்த்து மீட்டும்போது தானே ஓர் ஆழ்ந்த ஆதாரம் அடியில் வந்து நிற்கிறது. இதையே கிதார்க்காரர்கள் 'பவர் கார்ட்' என்பார்கள். சட்ஜத்தோடு சிறு காந்தாரத்தைச் சேர்த்தால் (5:6) கழிவாகப் பிறப்பது இரண்டுக்கும் உறவில்லாத வேறொரு சுரம். பெரிய காந்தாரமும் (4:5) கிதாரின் சமப்பகுப்புச் சுருதியில் சற்றே பிசகி நிற்பதால் உறுமத் தொடங்கிவிடும். ஆகவே மெட்டல் கலைஞர்கள் காந்தாரத்தை விலக்கிவிட்டு, ச-ப இணையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நம் பழைய இசைமரபு ஐந்தாம் நரம்பைக் 'கிளை' என்றும், மூன்றாம் நரம்பையும் ஆறாம் நரம்பையும் 'பகை' என்றும் வகுத்திருப்பது இங்கே எண்ணத்தக்கது. ஆஸ்டன் இளைஞர்கள் சிலப்பதிகார உரையைக் கண்டவர்கள் அல்லர். ஆயினும் கிளையைக் கொண்டு பகையை விலக்கினார்கள்!

இதில் ஒரு முக்கியமான செய்தி அடங்கியிருக்கிறது. ஒரு பாட்டு மகிழ்ச்சியாக ஒலிக்கிறதா, துயரமாக ஒலிக்கிறதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது காந்தாரமே. அது விலக்கப்பட்ட பவர் கார்டில் மகிழ்ச்சியும் இல்லை, துயரமும் இல்லை. நம் தம்புராவின் சுருதி போல அது நடுநிலை. கனம் என்பது வேறு, துயரம் என்பது வேறு. அந்தக் கனத்தின்மேல் எந்தப் பாலையை எழுப்புகிறோம் என்பதே கேள்வி.

பிளாக் சாபத் 1970 பிப்ரவரி 13 அன்று வெளியிட்ட முதல் தொகுப்பின் தொடக்கப் பாட்டில், சட்ஜத்துக்கு எதிராகப் பிரதி மத்திமத்தை நிறுத்தினார்கள். அதைக் கேட்டவர்கள் நடுங்கினார்கள். பின்வந்த குழுக்கள் பெரிதும் நாடியவை நடபைரவிக்கும் தோடிக்கும் நிகரான சுர வரிசைகள். பண்டைப் பெயரால் சொன்னால் படுமலைப்பாலையும் விளரிப்பாலையும். விளரி நெய்தலுக்குரியது, இரங்கலுக்குரியது என்பதை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். ஆக, மெட்டல் இசை அழுதது அதன் கனத்தால் அன்று. அது தேர்ந்துகொண்ட பாலையால்.

பாலை மாறிய கதை

வேறு பாலையைத் தேர்ந்தவர்களும் இருந்தார்கள். பிளாக் சாபத் குழுவினரே 1978-இல் 'நெவர் சே டை' என்றொரு பாட்டைத் தந்தார்கள். சாவு என்று ஒருபோதும் சொல்லாதே என்பது பெயரின் பொருள். ஓட்டமும் அதற்கேற்ற உற்சாக ஓட்டம். அதே ஆண்டில் அமெரிக்காவின் 'வான் ஹேலன்' குழு தன் முதல் தொகுப்போடு வந்தது. அவர்களுடைய 'ஜம்ப்' 1984-இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதன் மெட்டு நம் சங்கராபரணத்தின், அதாவது அரும்பாலையின், வழியில் செல்வது. மெட்டலின் எல்லையோரத்தில் நிற்கும் பாட்டுத்தான். ஆனால் அந்த எல்லையில் கதவொன்று உண்டு என்பதை அது காட்டிவிட்டது.

கதவை முழுதாகத் திறந்தவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரத்து 'ஹெலோவீன்' குழுவினர். 1987-லும் 1988-லும் 'கீப்பர் ஆஃப் த செவன் கீஸ்' என்னும் பெயரில் இரு பகுதிகளை வெளியிட்டார்கள். பேய்த் திருவிழாவைப் பெயரில் வைத்துக்கொண்டு பூசணிக்காயைச் சின்னமாக்கிய இவர்களுடைய பாட்டுகள், குழந்தைகள் கைகோத்து ஆடுவதற்கு ஏற்ற மெட்டுகள். வேகமோ இடிமுழக்கம். கிதார் விலக்கிய காந்தாரத்தை இவர்கள் எப்படி மீட்டார்கள்? இரண்டு கிதார்களுக்கு அதைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஒருவர் ஒரு சுரம், அதற்கு மூன்றாம் சுரம் மற்றவர். தனித்தனிக் கருவியில் தனித்தனியே சிதைந்து வருவதால் அவை ஒன்றையொன்று கெடுப்பதில்லை. தின் லிசி, அயர்ன் மெய்டன் போன்ற குழுக்கள் முன்பே வளர்த்த உத்தி இது. ஒருவர் கையில் பகையாக இருந்தது இருவர் கையில் இன்னிசையாயிற்று.

ஆனால் விமரிசகர்கள் எளிதில் விடவில்லை. 'மகிழ்ச்சி மெட்டல்' என்பது முதலில் பாராட்டு அன்று, கேலி. கனமான இசை கசப்பாகத்தான் இருக்க வேண்டும், சிரித்தால் அது போலி என்பது அவர்கள் கட்சி. கேலி செய்தவர்களை மீறி மரபு வளர்ந்தது. ஜப்பானில் 'பேபிமெட்டல்' என்னும் பெயரில் மூன்று சிறுமியர் கனத்த கிதார்களின் முன்னின்று 2014-இல் சாக்லேட்டுக்காக ஒரு பாட்டுப் பாடி உலகை வியக்க வைத்தனர். தில்லியின் 'பிளடிவுட்' குழுவினர் பஞ்சாபின் தோல் மேளத்தை மெட்டலோடு சேர்த்து, 2019-இல் ஜெர்மனியின் புகழ்பெற்ற வாக்கன் திருவிழாவில் ஆயிரக்கணக்கானோரை பாங்க்ரா ஆட வைத்தனர். கல்யாண ஊர்வலத்தின் மேளம் அது. மெட்டலுக்குள் அது அயலாக ஒலிக்கவில்லை. தன் வீட்டுக்குத் திரும்பியது போலவே ஒலித்தது.

நம் மண்ணின் விடை

கல்யாண மேளம் என்றதும் அம்மாவின் கேள்வி மீண்டும் நம்முன் வந்து நிற்கிறது. இக்கேள்வி புதியதும் அன்று. புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரே ஊரில் இரண்டு வீடுகளைக் காட்டுகிறார். ஒரு வீட்டில் சாப்பறை. மற்றொரு வீட்டில் மண முழவு. இரண்டும் ஒரே பொழுதில் புலவர் காதில் விழுகின்றன. இப்படி அமைத்தவன் பண்பற்றவன் என்று சினந்துவிட்டு, உலகின் இயல்பு கொடிதுதான், அதை அறிந்தவர் அதனுள்ளும் நல்லவற்றைக் கண்டுகொள்ளுக என்ற கருத்தோடு முடிக்கிறார்.

தொல்காப்பியம் கருப்பொருள்களுள் பறையையும் வைத்தது. உரையாசிரியர்கள் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறையைக் கூறினர். ஏறு தழுவவும் மீன் கொள்ளவும் நெல் அரியவும் பறை முழங்கியது. அதாவது, உரத்த ஒலி துயரத்தின் தனிச்சொத்தாக நம்மிடம் ஒருபோதும் இருந்ததில்லை. தாலி கட்டும் நொடியில் 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று கூவுகிறோமே, அது எதற்காக? எந்த அமங்கல ஒலியும் மணமக்கள் காதில் விழாதபடி ஓசையால் ஒரு மதில் எழுப்புவதற்காக. அங்கே உரப்பே மங்கலம். சுவாமி புறப்பாட்டின்போது கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிப்பார்கள். சொல் கிடையாது, நாகசுரமும் தவிலும் மட்டும், காலம் ஏற ஏற நெஞ்சில் அதிர்வு. கனமும் களிப்பும் ஒன்றாகிய இசைக்கு அதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

அன்று நாங்கள் தரிசித்த திருவலிதாயத்தின் பதிகத்துக்குப் பண் நட்டபாடை. ஓதுவார் மரபில் அது நாட்டையின் சாயலில் பாடப்படுவது. அங்கிருந்து மேற்கே சென்றால், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் வட திருமுல்லைவாயில். சங்கிலியாருக்குக் கொடுத்த சூளுரை தவறிக் கண்ணிழந்த சுந்தரர், தம் துயர் களையுமாறு வேண்டிப் பாடிய தலம். அப்பதிகத்தின் பண் தக்கேசி. இன்று காம்போதியில் பாடுகிறார்கள். பரந்து விரிந்த, மலர்ச்சியுடைய காம்போதி! சொல்லில் துயரம், பண்ணில் மலர்ச்சி. ஹெலோவீன் செய்ததன் மறுபக்கம் இது. பார்வையற்றவர் இருளுக்கு ஏற்ற பண்ணைத் தேடவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. எல்லா நிலத்துக்கும் உரியதாயிருந்த பறையைச் சாவுக்கு மட்டும் உரியதென ஒதுக்கியதும் இதே மண்தான். ஒரு சாதியார் மேல் அக்கடமையைச் சுமத்தி, கருவியையும் அதை அடித்தவரையும் சேர்த்தே தீட்டென்றார்கள். அம்முத்திரையைக் குத்தியது பறையின் ஒலி அன்று, சமூகம். இன்று பறையை மேடைகளிலும் மணவிழாக்களிலும் முழக்குவோர் அதற்குப் புதிதாக மகிழ்ச்சியைக் கற்றுத் தரவில்லை. பறித்துக்கொண்டதைத் திரும்பக் கேட்கிறார்கள். தொழிற்சாலைப் பிள்ளைகளின் இசையைச் சாத்தானின் இசை என்று ஒதுக்கியதையும், பறை பட்ட இழிவையும் ஒரே தட்டில் வைக்க நாங்கள் துணியோம். இரண்டாவதன் கொடுமை மிகப் பெரிது. ஆயினும் பிழை ஒரே வகையானது. ஓசைக்கு ஒரு முத்திரை குத்தினால், அது விரைவில் மனிதர் மேல் போய் விழுகிறது.

மீண்டும் அம்பத்தூர்

2025 ஜூலை 5 அன்று, தாம் வளர்ந்த ஆஸ்டனின் வில்லா பார்க் விளையாட்டரங்கில், பிளாக் சாபத் நால்வரும் கடைசி முறையாகச் சேர்ந்து வாசித்தனர். நடக்க இயலாத ஓசி அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்து பாடினார். 17 நாட்கள் கழித்து, ஜூலை 22 அன்று, மறைந்தார். மரணத்தைப் பாடியவர் என்று பெயரெடுத்தவரின் கடைசி மேடை பெருங்கொண்டாட்டமாக முடிந்தது.

அச்செய்தி வந்த வாரத்தில் எங்கள் அன்பரின் வீட்டுக்கு மீண்டும் சென்றிருந்தோம். அவர் தந்தையார் தொழிற்பேட்டையின் ஒரு சிறு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். அந்த எந்திரத்துக்கு விரலைக் கொடுத்தவர்கள் அப்பகுதியில் பலர். அவரும் இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர். அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. அயோமியின் கதையை மகன் சொல்ல, அவர் படத்தைக் காட்டச் சொன்னார். கைப்பேசியை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"எந்தக் கை?"

"வலது கைப்பா."

"எனக்கும் வலதுதான்" என்றார். பிறகு, "அந்தாளு பாட்டு ஒண்ணு போடு" என்றார்.

மகன் 'நெவர் சே டை' பாட்டை இட்டார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். சிறிது நேரத்தில் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போடத் தொடங்கினார், குறைந்த விரல்களோடு. அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். இம்முறை ஒன்றும் கேட்கவில்லை.